செய்யுளில் ஒரு சாட்சி

அரசனின் அதிகாரியே எழுதிய வரலாற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? சமுத்திரகுப்தனின் வெற்றிகளைச் செய்யுளும் உரைநடையும் கலந்து அடுக்கியவர் ஹரிசேனர். அலகாபாத் கற்றூணில் இன்றும் அது இருக்கிறது. எந்தெந்த மன்னர்கள் பணிந்தார்கள் என்பதை அறிய அந்தத் தூணை விட்டால் வழி குறைவு. ஆனால் அரசன் எங்கே சறுக்கினான் என்று தூண் சொல்லாது.

பழைய இந்தியாவில் கடந்த காலத்தைப் பூட்டி வைக்கும் பெட்டகமாக இருந்தது கவிதை. அதற்குக் காரணமும் உண்டு. ஓலையும் மரப்பட்டையும் மட்கும். யாப்பில் கட்டிய வரி மனதில் தங்கும். ஒரு சொல்லை உருவி இன்னொன்றைச் செருகினால் சந்தம் இடறிக் காட்டிக் கொடுக்கும். சிக்கல் என்னவென்றால், உண்மையைக் காக்கும் அதே யாப்பு பொய்யையும் அதே அளவு பத்திரமாகக் காக்கும்.

காஷ்மீரத்துக் கல்ஹணர் முக்கியமாவது இந்த இடத்தில்தான். 1148இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் சமஸ்கிருதத்தில் அவர் எழுதி முடித்த 'ராஜதரங்கிணி', எட்டுத் தரங்கங்களாக ஓடும் சுமார் 7,800 செய்யுள்கள் கொண்டது. அரசவைக் கவியாக இருந்து எழுதியதல்ல. முந்தைய வரலாற்று நூல்களை ஒப்பிட்டார். கோயில் கல்வெட்டுகளையும் தானப் பட்டயங்களையும் படித்தார். விருப்பு வெறுப்பின்றி, நீதிபதியைப் போலக் கடந்த காலத்தைச் சொல்பவரே பாராட்டுக்குரியவர் என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட நிபந்தனை.

அந்த நிபந்தனைக்குச் சோதனை வீட்டிலிருந்தே வந்தது. அவருடைய தந்தை சம்பகர், மன்னர் ஹர்ஷரிடம் (1089–1101) உயர் பதவி வகித்தவர். சம்பகரின் தம்பி கனகர், அந்த மன்னரிடமே இசை கற்றுப் பொன் பரிசு பெற்றவர். குடும்பமே உப்பைத் தின்ற வீடு. ஹர்ஷர் கல்விமான், கவிஞர், கலைகளில் தேர்ந்தவர் என்பதைக் கல்ஹணர் மறைக்கவில்லை. கஜானா காலியானபோது அதே மன்னர் கோயில் கோயிலாகக் கொள்ளையிட்டதையும், உலோகத் தெய்வச் சிலைகளைப் பெயர்த்தெடுக்கவே ஓர் அதிகாரியை நியமித்ததையும் மறைக்கவில்லை. பெரிய புத்தர் சிலை ஒன்று கனகர் கெஞ்சியதால் தப்பியது. வெள்ளத்திலும் பஞ்சத்திலும் மக்கள் மடிந்தபோதும் வரிக்கொடுமை ஓயவில்லை. இவ்வளவையும் தந்தையின் எஜமானரைப் பற்றி மகன் எழுதினார்.

மன்னர்களோடு நின்றுவிடாதது இந்த நூலின் இன்னொரு பலம். 8ஆம் நூற்றாண்டில் சந்திராபீடன் எழுப்ப விரும்பிய கோயிலுக்குக் குறுக்கே தோல் தொழிலாளி ஒருவரின் குடிசை நின்றது. அவர் நகர மறுத்தார். அரசன் கண்டித்தது அவரையல்ல, கேட்காமல் வேலையைத் தொடங்கிய அதிகாரிகளை. கடைசியில் அரசனே குடிசைக்குப் போய்க் கேட்டு, விலை கொடுத்து வாங்கினான். அது நடந்தபடியே பதிவானதா என்பதைவிட, அரசனிடம் மக்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் அவந்திவர்மன் காலத்து சுய்யர், வீட்டுப் பெயர் தெரியாத அனாதைக் குழந்தையாக வளர்ந்தவர். அவர் ஜீலம் நதியின் அடைப்பை நீக்கி, கரை கட்டி, வெள்ளத்தில் கிடந்த நிலத்தை வயலாக்கினார். நல்ல விளைச்சலிலும் 200 தீனாரத்துக்கு விற்ற ஒரு காரி நெல், 36 தீனாரத்துக்கு இறங்கியது என்கிறார் கல்ஹணர். அரிசி விலையைச் செய்யுளில் எழுதி வைத்த கவிஞர்கள் எத்தனை பேர்? சுய்யர் பெயரால் எழுந்த ஊர்தான் இன்றைய சோப்பூர்.

குறைகளும் உண்டு. மூன்றாம் தரங்கத்தில் ரணாதித்யன் என்ற மன்னன் 300 ஆண்டுகள் ஆண்டதாக வருகிறது. தொடக்கப் பகுதிகளில் புராணமும் நிகழ்ச்சியும் பின்னிக் கிடக்கின்றன. தான் எழுதிய காலத்தில் ஆண்ட ஜெயசிம்மனுக்குப் புகழுரையும் இருக்கிறது. ஆனால் தன் காலத்தை நெருங்க நெருங்க எழுத்தின் பார்வை கூர்மையாகிறது. எட்டாவது தரங்கம் மட்டும் 3,400 செய்யுள்களைத் தாண்டுகிறது. பார்த்தவர்கள் உயிரோடு இருந்த காலத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

நதி அங்கே நிற்கவில்லை. ஜோனராஜர் 15ஆம் நூற்றாண்டில் அதைத் தொடர்ந்தார், அவருக்குப் பின் ஸ்ரீவரர். சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்திலும் அக்பர் காலத்திலும் பாரசீகத்துக்குப் போனது. ஆரல் ஸ்டெயின் 1900இல் ஆங்கிலத்தில் தந்தார். சிறையில் இருந்தபடி ரஞ்சித் சீதாராம் பண்டிட் செய்த மொழிபெயர்ப்பு 1935இல் வெளியானது.

ஹர்ஷர் உருக்கிய சிலைகள் திரும்ப வரப்போவதில்லை. உருக்கியது யார், எதற்காக என்பது மட்டும் ஒன்பது நூற்றாண்டுகளாக அழியாமல் இருக்கிறது. அவரிடம் ஊழியம் பார்த்தவரின் மகன் அதை எழுதி வைத்ததால்.