ஒண்ணேகால் ரூபாய்

‘ஜவ்வு மிட்டாய்க்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?’ இந்தக் கேள்வியை நான் பல கட்டுரைகளில் கேட்டிருக்கிறேன். என் புத்தகம் ஒன்றிலும் அது இருக்கிறது. படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டேன். அந்த மிட்டாய்க்காரர்களில் ஒருவர் ஏன் காணாமல் போனார் என்று எனக்குத் தெரியும். சேர்வராயன் கோயில் வாசலில் அவரை அடித்து விரட்டினார்கள். நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி அடித்தார்கள்.

இத்தனை வருடம் இதை எழுதாமல் இருந்தது பயத்தால். சின்ன வயதுத் தின்பண்டங்களைப் பற்றி மனம் நெகிழ எழுதுகிறவர் என்று எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. அது போய்விடுமே என்று பயந்தேன். இனி நீங்கள் முழுவதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். என் அம்மாயிக்கு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. முழுப்பரீட்சை லீவு விட்டால் சேலத்திலிருந்து என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து இறங்கும்போது, அம்மாயி பஸ் ஸ்டாண்டில் நிற்பார். லைன் வீட்டில் ஒரே அறை. எனக்கு அங்கே எந்தக் குறையும் இருந்ததில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பசியால் திருடினான் என்று யாரும் எனக்காகப் பேச இடம் இல்லை.

அந்த வருடம் பங்குனியில் எனக்கு விடாத காய்ச்சல். அம்மாயி சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டு ஒண்ணேகால் ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். ஒரு ரூபாய்க் காசு ஒன்று, நாலணா ஒன்று. காய்ச்சல் விட்டது. மே மாதத் திருவிழாவுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார்.

கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையின் உச்சி, 5,326 அடி. மேலே ஏறிவிட்டால் விரிந்த சமவெளி. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிற கோயில் அல்ல, குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலையாளிப் பழங்குடி மக்களின் சாமி அவர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் இந்த மலையிலும், மற்ற இருவர் பச்சமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். திருவிழா அவர்களுடையது. தோட்டத்து ஜனங்கள் விருந்தாளிகளாகப் போவோம். கீழிருந்து வியாபாரிகளும் வருவார்கள்.

“உனக்காக முடிஞ்சது கண்ணு. நீயே கொண்டாந்து உன் கையால போடு” என்று சொல்லி, முடிச்சை அம்மாயி என்னிடமே கொடுத்தார். வரிசையில் இடம் பிடிக்க அவர் முன்னால் போனார். நான் பின்தங்கினேன்.

மிட்டாய்க்காரர் தேங்காய்க் கடைகளுக்கு அப்பால் தனியாக நின்றார். மூங்கில் கம்பின் உச்சியில் ஒரு பொம்மை. கீழே கயிற்றை இழுத்தால் அது இரண்டு கையிலும் உள்ள ஜால்ராவைத் தட்டும். பொம்மைக்குக் கீழே, கம்பைச் சுற்றி, ரோஸும் வெள்ளையுமாக மிட்டாய். மேலே பிளாஸ்டிக் தாள். அன்று மலையில் பனிமூட்டம். ஈரக் காற்று பட்டு மிட்டாய் வியர்த்திருந்தது. அவர் துண்டால் விரலைத் துடைத்துத் துடைத்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு துளி எடுத்து இழுப்பார். அது நூலாகும். நூலை மடித்து முறுக்குவார். மயில், தேள், சைக்கிள் என்று எதைக் கேட்டாலும் வரும். வாட்ச் கேட்டால் மணிக்கட்டிலேயே சுற்றிக் கட்டிவிடுவார். முடிந்ததும் மிச்சத்தைக் கன்னத்தில் ஒட்டுவார். அதற்குக் காசு இல்லை.

முடிச்சை அவிழ்த்தேன். ரூபாய்க் காசை எடுத்தேன். நாலணாவை உள்ளேயே விட்டுத் திரும்ப முடிந்தேன். ஏதாவது ஒன்று உள்ளே இருந்தால் கையில் கனம் தெரியும், அம்மாயி கவனிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதனால்தான் ‘விவரம் தெரியாத வயசு’ என்ற வார்த்தையை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் காசை வாங்கிப் பார்த்தார். “பெரிய காசா இருக்கே தம்பி, யாரு குடுத்தா?” என்று கேட்டார். அம்மாயி என்றேன். வாட்ச் நாலணா. மீதி முக்கால் ரூபாயை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். “எண்ணிப் பாத்துக்க. கீழ போட்டுறாத” என்றார். டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

குகை வாசலில் அம்மாயி கையை நீட்டினார். சில்லறை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. முடிச்சைப் பிரித்தார். நாலணா மட்டும் இருந்தது. என் கையைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார்.

“மீதி எங்க கண்ணு?”

கோபமாகக் கேட்கவில்லை. தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார். திருடினேன் என்று சொல்லியிருந்தால் ஒரு அடி விழுந்திருக்கும். எனக்கு அந்த ஒரு அடி வேண்டாம். சாமிக் காசைத் தின்றவன் என்று சுற்றி நிற்பவர்கள் பார்ப்பார்களே என்ற எண்ணம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“மிட்டாய்க்காரர்தான் முடிச்ச அவுத்து எடுத்துக்கிட்டாரு. அழுவாதன்னு வாட்ச் கட்டிவிட்டாரு.”

ஒரே மூச்சில் வந்தது. இப்போது யோசித்தால் எதனால் அவர் பெயர் வாயில் வந்தது என்று தெரிகிறது. தேங்காய்க்கடைக்காரர் உள்ளூர், அவருக்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். பலூன் விற்றவரை எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். மிட்டாய்க்காரருக்கு அந்த மலையில் யாரும் இல்லை. எந்த ஊர் என்றுகூட எவருக்கும் தெரியாது. ஊர் தெரியாத ஒருவர் மேல் எதைச் சொன்னாலும் நம்புவார்கள் என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது. ஆளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

காணிக்கைக் காசு என்றதும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலில் சட்டையைப் பிடித்தார்கள். பிறகு அறைந்தார்கள். அவருடைய தகர டப்பாவைக் கவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்து அம்மாயியிடம் கொடுத்தார்கள். யாரோ கம்பைப் பிடுங்கித் தரையில் அடித்தார்கள். மிட்டாய் செம்மண்ணில் புரண்டது. பொம்மையின் ஒரு கை தனியாக விழுந்தது.

“சாமி சத்தியமா எடுக்கலீங்க. மீதி குடுத்திருக்கேன். தம்பி, நீ சொல்லுப்பா” என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மீதிச் சில்லறை என் பையில் இருந்தது. கை அதன் மேல் இருந்தது. கையை வெளியே எடுத்திருந்தால் போதும். சத்தம் கேட்டுவிடும் என்று காசுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் போனார். உடைந்த கம்பை எடுத்துக்கொண்டு போனார். அம்மாயி அந்த ரூபாயை உண்டியலில் போட்டார். என் நெற்றியில் திருநீறு பூசினார். அந்த முக்கால் ரூபாயை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் கடைவீதியில் கமர்கட் வாங்கினேன். தேங்காய் நிறையப் போட்ட கமர்கட். ருசியாக இருந்தது.

அவருக்கு அன்று எவ்வளவு போனது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் கட்டுரைக்குத் தகவல் சேகரித்தபோது. விடிவதற்கு முன்பே சர்க்கரைப் பாகைக் காய்ச்ச வேண்டும். கம்பிப் பதம் தாண்டி முறுகும் பதம் வரும்போது இறக்கி, எலுமிச்சைச் சாறு விட்டு, ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஆணியில் மாட்டி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கக் காற்று ஏறி நிறம் வெளுக்கும். ரேஷனில் அளந்து கொடுத்த சர்க்கரை வீட்டுக்கே போதாத காலம் அது. வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். கம்பில் இருப்பதுதான் மொத்த முதல். பனியில் இளகிவிடும், மறுநாளுக்கு வைக்க முடியாது. பஸ் செலவு வேறு. இதையெல்லாம் அழகாக எழுதினேன். அந்த முதலை மண்ணில் கொட்டவைத்தவன் நான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் அவர் திருவிழாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. லைன் வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். “அந்தத் திருட்டுப் பயலா?” என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாயியும் சொன்னார். வாழ்நாளில் யாரைப் பற்றியும் தவறாகப் பேசாதவர், ஒரு நிரபராதியைத் திருடன் என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். அவர் வாயில் அந்தப் பழியை வைத்ததும் நான்தான். அவர் கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

இதுவரை சொன்னது ஒரு சிறுவன் செய்தது. இனி வருவதைச் செய்தவன் முழுதாக வளர்ந்தவன்.

எழுத வந்த பிறகு மிட்டாய்கள் எனக்கு நல்ல விஷயமாக அமைந்தன. தேன் மிட்டாய், கல்கோனா, சூட மிட்டாய், இலந்தை வடை என்று எழுதினால் உடனே கடிதம் வரும். ஏன் அவை மறைந்தன என்று விளக்கம் கொடுத்தேன். காகிதம் சுற்றிய மிட்டாய்கள் பெட்டிக்கடைக் கண்ணாடி பாட்டில்களை நிரப்பின. டிவி விளம்பரம் வந்தது. நெல்லிக்குப்பத்தில் வளர்ந்த பாரி மிட்டாய்க் கம்பெனியையே 2004-ல் கொரியாவின் லோட்டே வாங்கிவிட்டது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தெருவில் கம்போடு நடந்தவர்களுக்கு யார் குறியீடு கொடுப்பார்கள் என்று கேட்டேன். சொன்ன தகவல்கள் எல்லாம் உண்மை. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்படி ஒரு கட்டுரைக்காகச் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்துத் திருவிழாக் கடைகளைப் பற்றி விசாரித்தேன். வளையல், பொரி, பலூன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜவ்வு மிட்டாய் உண்டா என்று நானே கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஒருத்தன் வந்துட்டிருந்தான். சாமிக் காச ஒரு சின்னப் பையன்கிட்ட திருடிட்டான். அடிச்சு வெரட்டிட்டாங்க. அதுக்கப்புறம் கம்பு மிட்டாய்க்காரங்கள மேல விடறதில்ல” என்றார்.

என் கையில் நோட்டு இருந்தது. பேனா இருந்தது. எதிரே அந்தக் கதையை நம்பும் மனிதர் இருந்தார். பக்கத்தில் கேட்கவும் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்தப் பையன் நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“அப்படிங்களா?” என்றேன்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு இறங்கினேன். ஒருவரை மட்டும் விரட்டவில்லை, அவருக்குப் பின்னால் வந்திருக்கக்கூடியவர்களையும் சேர்த்து விரட்டியிருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன். வீட்டுக்கு வந்து, பெரியவர் சொன்னதை விட்டுவிட்டு, ஜவ்வு மிட்டாய்க்காரர்கள் எங்கே போனார்கள் என்று எழுதி அனுப்பினேன். சிறுவன் பயந்து பொய் சொன்னான். நான் பெருமைக்காகச் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. தடை நியாயமானது, பிள்ளைகள் தின்னக் கூடாத சாயம். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது பிள்ளைகளைப் பற்றி அல்ல. அவர் மிட்டாயும் ரோஸ்தானே, அதிலும் அந்தச் சாயம் இருந்திருக்கலாம், அவர் போனதும் ஒரு வகையில் நல்லதுதான் என்று தோன்றியது. மனம் லேசானது. அவர் என்ன நிறம் கலந்தார் என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அவரை இரண்டாவது முறையும் குற்றவாளியாக்கப் பார்த்தேன். இந்த முறை என்னிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அன்று இரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க இவ்வளவு நாளாயிற்று என்பதும் என் குணத்துக்குச் சான்று.

அவரைத் தேட முயன்றேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் தேடவில்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அன்று அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாம், ஏன் தேடுகிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

டீக்கடைப் பெரியவரைத் தேடி இந்த மாதம் போனேன். அவர் இல்லை. கடையில் இருந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “தாத்தா அந்தக் கதையச் சொல்லித்தான் எங்கள மெரட்டுவாரு, சாமிக் காசு எடுத்தா இப்படித்தான்னு” என்றார். அவருடைய பிள்ளைகளுக்கு அவரும் அதையே சொல்லியிருக்கிறார்.

என் புத்தகத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் நான் தப்பித்துக்கொள்வேன். அடுத்த பதிப்பில் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இதையும் அச்சிட வேண்டும் என்று பதிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஏற்காட்டிலோ, நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்திலோ அந்தத் திருட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அதைச் சொன்னவர்களிடமும் நீங்கள் யாருக்கெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமும் திருத்திச் சொல்லுங்கள். மிட்டாய்க்காரர் வாட்சுக்கு நாலணா எடுத்துக்கொண்டு முக்கால் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். காணிக்கையைத் திருடியது நான்.