ஆறு இல்லாத பட்டியல்

மதுரையில என்ன பாக்கலாம்னு கேட்டா எல்லோரும் ஒரே பட்டியலத்தான் சொல்வோம். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், நேரமிருந்தா அழகர்கோயில். நடுவுல ஒரு ஜிகர்தண்டா. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியில் எங்கள் வில்லாபுரம் இருப்பதால், வெளியூர்ச் சொந்தங்கள் முதலில் இறங்குவது எங்கள் வீட்டில்தான். இந்தப் பட்டியலைப் பல தடவை ஒப்பித்திருக்கிறேன். அதில் வைகை இருந்ததே இல்லை.

ஆற்றங்கரை நகரங்கள் எல்லாம் இப்படி இல்லை. பிரேசிலில், அமேசான் மழைக்காட்டுக்கு நடுவே மனாஸ் என்றொரு நகரம். ஹெர்சாக்கின் 'ஃபிட்ஸ்கரால்டோ' பார்த்தவர்களுக்கு அங்குள்ள ஒபரா அரங்கம் ஞாபகம் இருக்கும். ரப்பர் காசில் கட்டி 1896-ல் திறந்தது. ஆனால் அங்கே போகிறவர்கள் அரங்கத்தோடு திரும்புவதில்லை. கறுப்பான நெக்ரோ ஆறும் பழுப்பான சோலிமோயிஸ் ஆறும் கலக்காமல் சில கிலோமீட்டர் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதைப் படகில் போய்ப் பார்க்கிறார்கள்.

நம்ம ஊரில் ஆற்றைப் பார்க்க ஜனம் திரள்வது சித்திரையில். அழகர் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறப்பார்கள். மற்ற நாட்களின் கதை வேறு. ஒருமுறை ஏ.வி. பாலத்தில் ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்போது, சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஆறு எப்ப வரும்?"

"வந்து போயிருச்சுடா."

ஆட்டோக்கார அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கேள்விக்கு நேரான பதில் தேக்கடியில் இருக்கிறது. வைகைக்குச் சொந்த ஊர் வருசநாட்டு மலை. ஆனால் அந்த மழை மட்டும் போதவில்லை என்றுதான் மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்தார்கள். பென்னிகுவிக் தலைமையில் 1887-ல் வேலை தொடங்கி, 1895-ல் அணை திறக்கப்பட்டது. மனாஸில் அரங்கம் எழுந்துகொண்டிருந்த அதே வருடங்கள். மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழையும் தண்ணீர், லோயர் கேம்ப்பில் இறங்கி, சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்கு வருகிறது. வறண்ட சமவெளியில் இருக்கும் நாம் குடிப்பதில் பசுமைமாறாக் காட்டில் பெய்த மழையும் இருக்கிறது.

தேக்கடியில் டிக்கெட் எடுத்துப் படகில் போகிறவர்கள் பார்ப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஏரி சுமார் 26 சதுர கிலோமீட்டர். யானை கண்ணில் படுமா என்று எல்லோரும் கரையைப் பார்ப்பார்கள். நான் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கறுத்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணை கட்டியபோது மூழ்கிய காடு அது. ஒரு காட்டை முக்கித்தான் எங்கள் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் அந்த மரங்கள் தெளிவாகச் சொல்லின. மதுரைக்காரனுக்குப் பெரியாறு என்பது பேப்பரில் வரும் ஒரு எண். 142 அடி. அணைக்குக் கீழே கேரளத்தில் இருப்பவர்களுக்கும் அதே எண்தான்; ஆனால் நமக்கு அது நிம்மதி, அவர்களுக்குப் பயம். இரண்டுமே பொய்யில்லை.

தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் காலத்து, 1645-ஐச் சேர்ந்த குளம். சில வருடங்களுக்கு முன்புவரை உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீர் இல்லாத வருடங்களில் தைத் தெப்பம் நின்ற இடத்திலேயே நிலைத்தெப்பமாக முடிந்துவிடும். பிறகு பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீரை விட்டார்கள். மைய மண்டபம் அதேதான், படிக்கட்டும் அதேதான். ஆனால் இப்போது சாயங்காலம் அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. பஜ்ஜிக் கடைக்காரர், பலூன்காரர், படியில் பேசிக்கொண்டிருக்கும் ஜோடிகள், குளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வயசாளிகள். எந்த விளம்பரமும் இல்லாமல் இத்தனை பேரைக் கூட்டிவந்தது தண்ணீர் ஒன்றுதான்.

தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் என்று பெயரில் மட்டும் குளத்தை வைத்திருக்கும் ஊர் இது. உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரியில் நிற்கிறது. பார்ப்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. பார்த்தால் கேள்வி வரும் என்பதுதான் சிக்கல்.

இப்போதெல்லாம் வில்லாபுரம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பட்டியலை நீட்டித்துச் சொல்கிறேன். கோயில், மகால், தெப்பக்குளம். அப்புறம் வைகை அணை, லோயர் கேம்ப், தேக்கடி. "ரெண்டு நாளாகுமே?" என்பார்கள். ஆகட்டும். தண்ணி அவ்வளவு தூரம் வருதுல்ல.