லாங்டவுன் சந்தையில் ஆடு போகும் வழி

அக்டோபர் காலையில் லாங்டவுனில் காரைவிட்டு இறங்கியதும் முதல் வேலையாக, காது இரண்டும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஊட்டிக் குளிரை நம்பி வாங்கிய குல்லாவை இந்தக் காற்று மதிக்கவே இல்லை. இங்கிலாந்து முடிந்து ஸ்காட்லாந்து தொடங்கும் இடத்தில் ஒரு சிற்றூர். ஈரக் கம்பளி, புழுக்கை, டீசல், எங்கோ பொரியும் பன்றி இறைச்சி என்று கலவையான வாசனை. பிரிட்டனின் பெரிய ஆட்டுச் சந்தைகளில் இதுவும் ஒன்று.

கூட்டி வந்தவர் கிளாஸ்கோவில் ஆய்வு செய்யும் கால்நடை மருத்துவர், நாமக்கல்காரர். எந்த ஆடு எந்தத் தேதியில் எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனது என்று வரைபடம் போடுவதுதான் அவருடைய வேலை. இதற்குச் சம்பளம் வேறா என்று வியந்தேன். "காத்துல போனா கோமாரி கொஞ்ச தூரந்தாங்கண்ணா போகும். யாவாரி வண்டியில ஏறிட்டா நாடு முழுக்கப் போயிரும்" என்றார்.

உள்ளே கண்ணுக்கு எட்டிய மட்டும் இரும்புப் பட்டிகள், பட்டி நிறையச் செம்மறிகள். கறுப்பு முகத்தில் மூக்கு மட்டும் வெளுத்த ஸ்வேல்டேல் ஆடுகள், பெட்டைக்கும் கொம்பு! ஏல வளையத்தின் மேலே நின்றவர் மூச்சு விடாமல் விலை கூவினார். பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவும் நம் கண்டக்டர்கள் இவரிடம் தோற்றுப்போவார்கள். வாங்குகிறவர்களோ வாயே திறக்கவில்லை. புருவம் அசைகிறது, விரல் அரை அங்குலம் எழுகிறது, ஆடு கைமாறிவிடுகிறது. எனக்கு மூக்கு அரித்தது. சொறிந்தால் இருபது ஆடு என் தலையில் விழுமோ என்று பயந்து கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். விற்றவர் வாங்கியவர் கையில் சில பவுண்டுகளைத் திருப்பித் தருவதையும் பார்த்தேன். ராசிக்காகவாம்! வெள்ளைக்காரனும் ராசி பார்க்கிறான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

குளிர் தாங்காமல் உணவகத்துக்குள் ஓடினோம். சுடச்சுட வந்த தேநீரில் அவர்களே பச்சைப் பாலை ஊற்றி ஆற வைத்துவிட்டார்கள். நண்பர் மடிக்கணினியைத் திறந்தார். பண்ணைகளெல்லாம் சிறு புள்ளிகள், சந்தைகள் பெரிய புள்ளிகள், ஆடு போன திசையெல்லாம் அம்புகள். ஒரு பெரிய புள்ளியில் விரலை வைத்து, "இங்கதான் உக்காந்திருக்கோம்" என்றார்.

2001 பிப்ரவரிக் கதையைச் சொன்னார். நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை. சரியாக வேகவைக்காத எச்சில் உணவைத் தீவனமாகப் போட்டதில் கோமாரி வந்தது. அது காற்றில் பக்கத்துப் பண்ணைக்குத் தாவியது. அங்கிருந்த ஆடுகள் 13ஆம் தேதி ஹெக்ஸாம் சந்தைக்குப் போக, வியாபாரிகள் வழியாக நோய் லாங்டவுனுக்கு வந்துவிட்டது. மாடென்றால் வாயில் எச்சில் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். செம்மறியோ லேசாக நொண்டும்; பல ஆடுகள் அதுகூடச் செய்யாது. யாருக்குச் சந்தேகம் வரும்? நல்ல விலை தேடி அவை தெற்கே டெவன்வரை லாரி ஏறின. எசெக்ஸ் கசாப்புக்கூடத்துப் பன்றிகளில் நோய் உறுதியானது 20ஆம் தேதி. ஆடுமாடுகளின் போக்குவரத்தை நிறுத்தியது 23ஆம் தேதி. அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய் புகுந்திருந்தது. கடைசியில் அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள். மே 3 அன்று நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஜூன் 7க்குத் தள்ளிப்போனது. ஆட்டுமாட்டு நோயால் ஓட்டுப்பெட்டியே காத்திருந்திருக்கிறது!

அந்த அம்புகளை அன்று ஆள் வைத்து, காகிதத்தைப் புரட்டி, வியாபாரிகளைக் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தார்களாம். படம் முடிவதற்குள் நோய் அடுத்த ஊரில் இருந்தது. எனக்குப் புதிதாகப்பட்டது இன்னொன்று: எல்லாப் புள்ளியும் சமமில்லை. பெரும்பாலான பண்ணைகள் இரண்டு மூன்று இடங்களோடுதான் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கின்றன. சில சந்தைகளும் சில வியாபாரிகளும்தான் நாட்டையே முடிச்சுப் போடுகிறார்கள். அந்த முடிச்சுகளைக் கவனித்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. அதிலும் இலையுதிர் காலத்தில், மலையில் வளர்ந்த குட்டிகள் சமவெளிக்கு இறங்கும்போது, அம்புகள் திரையையே மூடிவிடுகின்றன. நான் வந்திருப்பதும் அதே பருவத்தில்தான். என் சப்பாத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பின்பக்கம் லாரி கழுவுமிடம். குளிரில் விரல் சிவக்க ஓட்டுநர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு விவசாயி ஆறு நாள் விதியைத் திட்டித் தீர்த்தார். புதிதாக ஆடு வாங்கிப் பண்ணைக்குள் விட்டால், அடுத்த ஆறு நாளைக்கு அங்கிருந்து ஆடோ மாடோ வெளியே விற்பனைக்குப் போகக்கூடாது. 2001க்குப் பிறகு வந்த கெடுபிடி. 2010 முதல் காதுவில்லையிலும் மின்னணுச் சில்லு சேர்ந்திருக்கிறது. திட்டிக்கொண்டே படிவத்தை ஒரு வரி விடாமல் நிரப்பினார்!

மாலையில் கார்லைலுக்கு மேற்கே கிரேட் ஆர்ட்டன். போர்க்கால விமானத்தளமாக இருந்த இந்த இடத்தில்தான் 2001இல் நாலரை லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைப் புதைத்தார்கள், பெரும்பாலும் செம்மறிகள். இன்று வாட்ச்ட்ரீ என்ற இயற்கைக் காப்பிடம். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நான் அதிக நேரம் நிற்கவில்லை. காரணம் குளிர் மட்டுமல்ல.

திரும்பும் வழியில் நம்மூருக்கும் இப்படியொரு படம் வரையலாமே என்று கேட்டேன். மாட்டுக்குப் பன்னிரண்டு இலக்கக் காதுவில்லைதான் வந்தாயிற்றே!

"வில்லை இருக்குதுங்கண்ணா. ஆனா காலையில சந்தையில வித்த உருப்படி சாயங்காலம் எந்த மாவட்டத்துல நிக்குதுன்னு யாரு எழுதி வைக்கிறா? துண்டுக்குள்ள விரலப் புடிச்சுப் பேசுற விலையவே தரகர் வெளிய சொல்ல மாட்டாரு. ஆடு போன ஊரையா சொல்லப் போறாரு?"