கலம் விடுக்கும் மடல்

கல்முனைக் கரையிலே, மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை, ஓர் உரை வழங்குகின்றது. "கட்டியிலே கத்தி பட்டாற் புற்று ஓடிப் பரந்துவிடும், மாஸ்டர்" என்று இந்துக்களும் முஸ்லிம்களுமான மூத்தோர் பலர் எம்மிடம் சொல்லியுள்ளனர். வெற்றிலையுடன் பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் இங்கு இன்னும் அற்றிலது. பாக்குத் தனித்தே புற்றை விளைக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலிலே முடிவுகட்டிற்று. வாயில் ஆறாப் புண் கண்டவர், கத்திக்கு அஞ்சி மாதக்கணக்கிற் கைவைத்தியத்தோடு இருந்து, ஈற்றிலே மகரகமைக்குச் செல்வதை யாம் கண்டுளோம். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். ஒரு சொல் உயிர் குடிக்குமாயின் அது எம் வேலையுமாம்.

1983இல் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் றோஸ் ஜோன்ஸ்டோன் குழுவினரும், அமெரிக்காவிலே பிலிப் ஸ்டால் குழுவினரும், முதிராச் செங்குருதிக் கலங்கள் நுண்பைகளை வெளியேற்றுவதைத் தனித்தனியே கண்டனர். பின்னர் அவை 'எக்சோசோம்' எனப் பெயர் பெற்றன. ஏறக்குறைய 30 முதல் 150 நனோமீற்றர் வரையான அப்பைகளைக் கலத்தின் குப்பை என்றே நெடுநாள் எண்ணினர். குப்பையன்று, புரதமும் ஆர்.என்.ஏ.யும் பொதிந்து ஒரு கலம் மறு கலத்துக்கு விடுக்கும் மடல் அது. 'கலமடல்' என்றே வகுப்பிற் சொல்வோம். கலம் மரக்கலமும் ஆதலாற் கடற்கரைப் பிள்ளைகளுக்கு விளக்கம் மிகுதி வேண்டுவதில்லை.

அம்மடலுக்கு முகவரியும் உண்டாம். 2015இல் நியூயோர்க்கிலே டேவிட் லைடன் குழுவினர் எலிகளில் ஆராய்ந்து, மடலின் மேலுள்ள இன்ரெகிறின் என்னும் புரதத்தின் வகைக்கேற்ப ஒன்று நுரையீரலுக்கும் மற்றொன்று ஈரலுக்கும் சென்று, புற்றுக்கலம் குடியேறுமுன்னரே நிலத்தைப் பண்படுத்துவதைக் காட்டினர். ஆகவே கத்தி வரட்டும் என்று புற்றுக் காத்திருப்பதில்லை. கட்டி உள்ள நாளெல்லாம் மடல் போய்க்கொண்டே இருக்கும். மூத்தோருக்கு யாம் கூறும் மறுமொழி இதுவே, சிலர் கேட்கின்றனர்.

மருந்தை ஏய்க்கும் சூழ்ச்சியோ இன்னும் வியப்பானது. மார்புப் புற்றுச் சிலவற்றின் மேல் 'ஹேர்-2' என்னும் புரதம் மிகுந்திருக்கும். திராஸ்டுசுமாப் என்னும் மருந்து அதனைத் தேடிப் பற்றும். புற்றுக்கலங்களோ அதே புரதம் தாங்கிய மடல்களை மிதக்கவிட, மாரீசமானின் பின்னே போன இராமபிரானைப் போல மருந்தின் ஒரு பகுதி அவற்றின் பின்னே போய்விடுகின்றது. இஃது ஆய்வுகூடத்திற் கண்டது. மருந்துக்கு மசியாத கலம், மசியும் கலத்துக்கு மடல்வழியே தன் இயல்பைக் கற்பிப்பதும் அவ்வாறே காணப்பட்டுளது. வைத்தியத்துறை புகுந்த எம் பழைய மாணவர் இவற்றை எம்மினும் நன்கு விளக்குவர்.

இப்பொழுது அம்மடல்களை இடைமறித்துப் படிக்கவும் முயல்கின்றனர். வாய்ப்புற்றுக்கு உமிழ்நீரே போதுமாகலாம் என்பது ஆய்வாளர் நம்பிக்கை. அது கைகூடும் வரை, ஆறாப் புண்ணை வைத்தியரிடம் வாய் திறந்து காட்டுவதே வழி.