ஆறு மணிக்கு மாறும் கடை

அம்மாவை ஒரு மதுக்கடையில் உட்கார வைப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. போன வெள்ளிக்கிழமை அதுதான் நடந்தது.

கோலாலம்பூரில், பழைய கடைவரிசை ஒன்றின் மாடியில் இருக்கும் ஜப்பானியக் காப்பிக்கடை அது. அன்று எனக்கு வானொலியில் மாலை நிகழ்ச்சி இல்லை. கண் மருத்துவரைப் பார்க்க வந்திருந்த அம்மாவை, “ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகலாம்மா” என்று அழைத்துப் போனேன். முட்டை சாண்ட்விச்சும், துணி வடிகட்டியில் நிதானமாக இறக்கிய காப்பியும் வந்தன. “நம்ம ஊரு காப்பிக்கடையில துணிப்பையில வடிப்பாங்களே, அதே மாதிரிதான் இருக்கு” என்று அம்மா ரசித்துக் குடித்தார்.

ஆறு மணிக்குக் கடை மாறியது. பணிப்பெண் சன்னல் திரைகளை இறக்கினார். விளக்கு மங்கியது. காப்பிப் பட்டியலை எடுத்துவிட்டு வேறோர் அட்டையை வைத்தார். சாக்கே, விஸ்கி சோடா, பீர், தொட்டுக்கொள்ளப் பொரித்த கோழி. அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நாம வெளிய போகணும்ல, பாப்பா?”

“உட்காருங்க ஆண்ட்டி, சூடா தேநீர் தரட்டுமா?” என்று பணிப்பெண் மலாயில் கேட்டார்.

அம்மா உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அப்பா பீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா நூடல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார். சின்னப் பையன் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். என் அம்மா அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானில் இப்படிப்பட்ட கடை புதிதல்ல. எழுத்தாளர் ஹாருகி முராகாமி நாவல் எழுதப் புகுமுன், 1974-இல் தோக்கியோவின் புறநகரில் மனைவியோடு ‘பீட்டர் கேட்’ என்ற ஜாஸ் கடையைத் திறந்தார். பகலில் காப்பி, இரவில் மது, எந்நேரமும் இசைத்தட்டு. அதே ஜப்பானில் ‘சுத்தமான தேநீர்க்கடை’ என்று பொருள்படும் ‘ஜுன் கிஸ்ஸா’ என்றொரு வகையும் உண்டு. ஒரு காலத்தில் ‘கஃபே’ என்றாலே மதுவும் பரிமாறும் பெண்களும் என்று ஆகிவிட்டதால், ‘இங்கே மது கிடையாது’ என்று சொல்லிக்கொள்ள வந்த பெயர் அது. அங்கும் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதை நான் சொல்லி முடித்ததும் அம்மா சிரித்தார். “எங்க தோட்டத்துலயும் சாயங்காலம் மாறும். கடை இல்ல, கள்ளு.”

தென்னம்பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிப்பு நீர். பானையிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். மாலைக்குள் போதை ஏறும். மறுநாள் வரை வைத்தால் காடி. அதனால் அன்றைய கள்ளை அன்றைக்கே விற்றாக வேண்டும். வேலை முடிந்து ஆண்கள் கூடும் நேரமும் அதுதான்.

“கடை இருந்த இடத்தைக் காட்டுறேன், வா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஈஜோக்கில் இறங்கினால் பெஸ்தாரி ஜெயா பக்கம்தான். 2007-இல் பெயர் மாறிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். அவர் பிறந்த தோட்டத்தில் இன்று பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயத்து வீடுகளும் போய்விட்டன. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது.

கோயில் வாசலிலிருந்து அம்மா எண்ணி எண்ணி நடந்தார். “இது சாயாக்கடை. வெட்டு முடிஞ்சு வர்றவங்க ஆணும் பொண்ணும் நின்னு குடிப்பாங்க. அந்தக் கோடியில கள்ளுக்கடை. தகரக் கூரை, சுத்தியும் கம்பி வலை. சில பாட்டிமார் வாங்கிட்டுப் போய் வீட்டுல குடிப்பாங்க. உள்ள உட்கார்றது ஆம்பளைங்கதான்.”

ஒன்பது வயதில், கையில் டார்ச் விளக்கோடு அந்த வலைக்கு வெளியே நிற்பது அம்மாவின் வேலை. தாத்தாவை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சம்பள நாளென்றால் பணம் முழுதும் கரைவதற்குள் அழைத்து வர வேண்டும்.

தாத்தா வீட்டில் பேசாத மனிதர். ஜப்பானியர் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்காக நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். அப்போது தாத்தாவுக்கும் ஒன்பது வயதுதான். இந்தக் கதையை அவர் பாட்டியிடம் சொன்னதில்லை, பிள்ளைகளிடமும் சொன்னதில்லை. கள்ளுக்கடையில் சகாக்களிடம் சொல்லி அழுததை, வலைக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மா கேட்டிருக்கிறார்.

“எங்க அப்பா அழுததை நான் அங்கதான் பார்த்தேன்” என்றார் அம்மா. அவர் கை காட்டிய இடத்தில் இப்போது ஒரு செம்பனை நிற்கிறது.

கள்ளுக்கடையை நான் புகழ வரவில்லை. அதை மூடச் சொல்லிப் போராடியதும் நம் மக்கள்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி மற்ற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், சம்பள உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதும் கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தன. தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். பிறகு 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். காலப்போக்கில் கடைகள் மூடின. குடி நிற்கவில்லை. சின்னப் போத்தலில் சம்சு வந்தது. கூடிக் குடித்தவர்கள் தனியாகக் குடிக்கத் தொடங்கினார்கள்.

மதியச் சாப்பாடு புக்கிட் ரோத்தானில், மாமா வீட்டில். அம்மாவின் தம்பி. எங்களோடு சாப்பிட்டார், நலம் விசாரித்தார், பிறகு சத்தமில்லாமல் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அத்தை எங்களைப் பார்க்காமல் மங்குகளை அடுக்கினார். மாமாவும் பேசாத மனிதர்தான்.

மாலை கோலசிலாங்கூர் வந்து புக்கிட் மெலாவத்தி ஏறினோம். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம், கீழே ஆற்றுமுகம், கச்சான் பொட்டலத்தைப் பறிக்கக் காத்திருக்கும் சாம்பல் குரங்குகள். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறினோம். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் விட்டு விட்டு ஒளிர்ந்தன. படகில் யாரும் சத்தம் போடவில்லை.

திரும்பும் வழியில் அம்மா கேட்டார்.

“அந்த ஜப்பான் கடைக்குத் தம்பியையும் அத்தையையும் கூட்டிட்டுப் போகலாமா? நான் தேநீர் குடிக்கிறேன். அவன் ஒண்ணு குடிக்கட்டும்.”

“அந்த ஒண்ணு ஒண்ணோட நிக்குமாம்மா?”

“தெரியல. வீட்டுக்குப் பின்னால குடிச்சா எண்ணறதுக்கு ஆள் இல்ல. நாம எதிர்ல உட்கார்ந்திருப்போம்ல.”

எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமைக்கு நான்கு பேருக்கு மேசை சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்தரை மணிக்கு. காப்பியில் தொடங்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.