பழைய ஒலிப்பெட்டி

வழக்கொழிந்த சொற்கள் நீங்குவதும் புதுச்சொற்கள் வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு. அதனைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்பது நன்னூலார் துணிபு. இவ்விதியை வகுப்பிற் கேட்டபொழுது எனக்கு மிக்க மகிழ்ச்சி உண்டாயிற்று. எங்கள் வீட்டில் அந்நாளில் நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கிற்கு நல்ல சான்று கிடைத்ததென்று எண்ணினேன். சொற்களுக்கு வகுத்த விதி வீட்டுச் சாமான்களுக்கும் பொருந்துமோ என்று யான் ஆராயவில்லை.

எங்கள் ஊர் விருத்தாசலம். முதிய மலை என்பது அப்பெயரின் பொருள்; தமிழில் முதுகுன்றம் என்பர். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன அவ்வூரில், ஒரு சிறு தொழிற்கூடத்தில், என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறார். 2009ஆம் ஆண்டில் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தப்பா, ‘ஹோம் தியேட்டர் ரிசீவர்’ என்னும் ஒலிப்பெட்டி ஒன்றை, அதற்குரிய ஆறு ஒலிபெருக்கிகளுடன் தம் தமையனாருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிறு மாலைகளில் அண்டை வீட்டாரும் எங்கள் கூடத்தில் வந்திருந்து படம் பார்த்த காலம் ஒன்று உண்டு.

சென்ற ஆண்டு புதிய தொலைக்காட்சி ஒன்று வாங்கினோம். அது இணையத்தின் வழியே தானே படங்களைப் பெறுவது. அதன் ஒலியை எச்.டி.எம்.ஐ. கம்பியின் வழியே ரிசீவருக்குத் திருப்பியனுப்பும் வசதி, 2009இல் வெளிவந்த 1.4ஆம் பதிப்பில்தான் உண்டாயிற்று. எங்கள் பெட்டியோ 2006ஆம் ஆண்டின் 1.3ஆம் பதிப்பைச் சேர்ந்தது. ஆகவே பெட்டி ஊமையாயிற்று. தொலைக்காட்சியின் முதுகிலுள்ள இரண்டு சிறு ஒலிபெருக்கிகளே எங்களுக்கு மிஞ்சின.

அதனை விற்றுவிட்டுச் சவுண்ட்பார் ஒன்று வாங்கலாம் என்றார் என் அண்ணன். அலமாரியில் இடம் மிச்சமானாற் போதும் என்றார் அம்மா. யானோ, புதிய ரிசீவரே வேண்டுமென்று வாதித்தேன். 2012இல் திரையரங்குகளில் தோன்றி, இரண்டாண்டுகளில் வீடுகளுக்கும் வந்த டால்பி அட்மாஸ் முறையில், மழை தலைக்குமேல் பெய்வதுபோலவே கேட்கும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தனர். அப்பா ஒன்றும் கூறவில்லை.

பழைய பொருள் வாங்கும் வணிகர் ஒருவர் ஆறு ஒலிபெருக்கிகளுடன் பெட்டிக்கு ரூ.1,500 தருவதாகச் சொன்னார். யான் விசாரித்த கடைகளிலோ புதிய ரிசீவர் ரூ.40,000க்குக் குறையவில்லை. என் கல்வி உதவித்தொகையில் மீந்ததை முன்பணமாகக் கொடுத்து, எஞ்சியதைத் தவணையில் செலுத்தலாமென்று வீட்டார் அறியாமல் கணக்கிட்டு வைத்திருந்தேன். அத்தவணையை யார் செலுத்துவது என்பதை மட்டும் அக்கணக்கில் எழுதவில்லை.

ஒருநாள் இரவு நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அனைவரும் நகைத்தோம். அப்பாவும் நகைத்தார், ஆயின் சிறிது தாமதித்து நகைத்தார். மறுமுறை திரையை விடுத்து அவரையே நோக்கினேன். அவர் எங்கள் முகங்களைப் பார்த்து, நாங்கள் சிரித்தபின் சிரித்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுவாரம் அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கல்லையும் மண்ணையும் நீருடன் அரைக்கும் உருளை இயந்திரத்தருகே அவர் நின்ற ஆண்டுகள் பல. நெடுங்காலம் பேரிரைச்சலில் இருப்போர்க்கு உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முதலிற் கேளாமற்போம் என்று மருத்துவர் விளக்கினார். உயிரெழுத்துக்களின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த சுருதியினது. ச, ட, த முதலிய மெய்களை வேறுபடுத்திக் காட்டுவது உயர்ந்த சுருதி. ஆகவே பேசுவது கேட்கும், சொல் விளங்காது. உயிர் காதில் விழ, மெய் மறைந்துபோகிறது. தமிழ் பயிலும் எனக்கு இதனினும் தெளிவாக ஒருவர் சொல்லுதல் இயலாது.

அதன்பின் பெட்டியை வேறு கண்கொண்டு நோக்கினேன். அதனுள் இரண்டு உறுப்புக்கள் உள்ளன: வரும் குறிப்புக்களைப் படித்தறிவது ஒன்று, படித்த ஒலிக்கு வலிமையூட்டி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புவது மற்றொன்று. காலம் பிற்படுத்தியது முன்னதையே. பின்னது அன்றுபோலவே இன்றும் உழைக்கிறது. 1983இல் ஜப்பானியத் தோஷிபா நிறுவனம் வகுத்த ஒளியிழை இணைப்பு எங்கள் பெட்டியிலும் இருந்தது, புதிய தொலைக்காட்சியிலும் இருந்தது. ரூ.300 கொடுத்து ஒரு கம்பி வாங்கினேன். படம் தொலைக்காட்சியிலேயே நிற்க, ஒலி மட்டும் ஒளியிழை வழியே பெட்டிக்குச் சென்றது. அட்மாஸ் அவ்வழியே வாராது. ஆயினும் ஐந்து திசை ஒலியும் தாழ்ந்த ஒலியும் வந்தன.

இவற்றுள் நடு ஒலிபெருக்கியே எங்களுக்குப் பெரும்பேறாயிற்று. படங்களில் மாந்தர் பேச்சுப் பெரும்பாலும் அதன் வழியே வரும். இசையையும் இரைச்சலையும் உயர்த்தாமல் பேச்சை மட்டும் உயர்த்தும் வசதி ரிசீவரில் உண்டு. அதனை ஐந்து டெசிபல் உயர்த்தினேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முழுதும் கேட்டதென்று சொல்லேன்; ஆனால், எங்களுக்கு முன்பாக ஒருமுறை நகைத்தார்.

“அப்பா, விற்கவேண்டாமென்று நீங்கள் ஏன் அன்றே சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“தம்பி, பொம்மை வார்க்கிறோமே, அந்தப் பாரிஸ் சாந்து அச்சு, வார்க்க வார்க்க மழுங்கிப்போகும். அதை எறிந்துவிட்டு, மூல அச்சிலிருந்து வேறொன்று எடுப்போம். மூல அச்சை யாரும் எறிவதில்லை. உனக்கு எது எது என்று தெரியட்டுமென்று இருந்தேன்” என்றார். காது கேளாமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றவேண்டுமென்பது என் கருத்தன்று. ஒலிக்கு வலிமையூட்டும் உறுப்புப் பழுதுற்று, செப்பனிடும் செலவு பெட்டியின் விலையை மிஞ்சுமாயின், அன்று அதனை விற்பதே முறை. பழைய பெட்டி இல்லாதார் இன்று வாங்குங்கால் புதியதையே வாங்குக. ஆயின் ஒன்றைப் பழையதென்று கூறுமுன், அதில் எவ்வுறுப்புப் பழைமையடைந்தது, வீட்டில் அது யாருக்குப் பயன்படுகிறது என்னும் இரண்டையும் ஆராய்தல் வேண்டும். சுந்தரர் எங்கள் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாரென்பது வரலாறு. அது அவர்க்கு வாய்த்தது; எம்போல்வார் ஆற்றில் இட்டது ஆற்றோடு போம்.

உதவித்தொகையில் மீந்த பணம் அப்பாவுக்குக் காதுக்கருவி வாங்குவதற்கென இப்பொழுது தனியே இருக்கிறது. பெட்டி அலமாரியிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு இடந்தான் கிடைக்கவில்லை.