சொந்த ஊரில் ஆடாத கோஷ்டி

சுவாமி தரிசனத்திற்காக ஊர் ஊராய்ச் செல்கிறவர்களை நாம் யாத்திரிகர் என்கிறோம். மரியாதையாய் வழியும் விடுகிறோம். பந்தாட்டம் பார்ப்பதற்காக ஊர் ஊராய்ச் செல்கிறவர்களுக்கு மட்டும் நம் வீடுகளில் வேறு பெயர் வழங்குகிறது! அமெரிக்க தேசத்தில் ‘பேஸ்பால்’ என்று ஓர் ஆட்டம். அங்கே பெரிய கோஷ்டி ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 பந்தயம் ஆடுகிறது. பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். கோஷ்டியின் பின்னாலேயே பிரயாணம் செய்யும் ரஸிகர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கும் பாதிப் பந்தயத்திற்காவது வீட்டுச் சாப்பாடு நிச்சயம். எங்கள் திருப்பூர் ரஸிகருக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது.

காரணம் இதுதான். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் பந்தயத்தில் எட்டுக் கோஷ்டிகள் ஆடுகின்றன. முன்பு காரைக்குடிக் காளை என்ற பெயருடன் இருந்த கோஷ்டி, 2021 முதல் திருப்பூர்த் தமிழன்ஸ் என்ற பெயரில் ஆடிவருகிறது. ஆனால் 2025-ஆம் வருஷத்துப் பந்தயங்கள் நடந்தவை கோயமுத்தூர், சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு இடங்களிலேயே. பெயர் எங்களுடையது, மைதானம் பிறருடையது.

நான் வசிக்கும் நல்லூர், காங்கேயம் சாலையில் இருக்கிறது. விசுவேசுவர சுவாமி கோயில் மணி ஓசையும் பனியன் கம்பெனிகளின் மெஷின் ஓசையும் இங்கே கலந்தே கேட்கும். எங்கள் வீதியில் ஓவர்லாக் மெஷின் தைக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பீஸ் கணக்கில் கூலி. மெஷின் நின்றால் வரும்படியும் நின்றுவிடும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்கு மட்டுமே அவர் நேரில் செல்வார். ஜூன் 8 அத்தகைய ஞாயிறு. அன்று கோயமுத்தூரில் திண்டுக்கல் டிராகன்ஸ் 93 ஓட்டங்களில் சுருண்டதை அவர் கண்ணாரக் கண்டார். ஜூலை 1-ல், அதுவரை தோல்வியே காணாத சேப்பாக்கம் கோஷ்டியைத் திருப்பூர் முறியடித்ததோ செவ்வாய்க்கிழமை. அதை மெஷின் மேல் சாய்த்து வைத்த கைபேசியில்தான் பார்க்க முடிந்தது.

இறுதிப் பந்தயம் ஜூலை 6, ஞாயிறு. இடம், திண்டுக்கல்லுக்குக் கிழக்கே நத்தத்திலுள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம். எதிரி, அதே திண்டுக்கல். 2024-ல் இறுதிக்கு ஒரு படி கீழே எங்களை வீழ்த்திக் கோப்பையையும் கொண்டுபோனவர்கள் அவர்கள்தாம்.

“நீங்களும் வாங்க, சார். வேன்ல ஒரு இடம் இருக்குதுங்க” என்றார் இளைஞர். நானும் புறப்பட்டேன்.

காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று வழி தெற்கே நீண்டது. ஆனி மாதத்துக் காற்று வேனைத் தள்ளிக்கொண்டே வந்தது. தாராபுரத்தில் அமராவதியைக் கடந்தோம். திண்டுக்கல்லைத் தாண்டியதும் சிறுமலை துணைக்கு வந்தது. எங்களுடன் பீகாரிலிருந்து வந்து நல்லூரில் செக்கிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் இருந்தார். மார்பில் ‘தமிழன்ஸ்’ என்று அச்சிட்ட பனியனை அவரும் அணிந்திருந்தார். அதை அவரிடம் யாரும் வினோதமாகச் சுட்டிக்காட்டவில்லை. வாரம் ஆறு நாள் ஒரே கூரையின்கீழ் உழைப்பவர்களுக்கு ஏழாம் நாளில் மட்டும் வேற்றுமை எங்கிருந்து வரும்?

மைதானத்தில் எங்கு பார்த்தாலும் திண்டுக்கல் ஜனங்களே. பூவாதலையாவில் வென்ற அசுவின் எங்களை முதலில் ஆடவிட்டார். அமித் சாத்விக் 34 பந்துகளில் 65. துஷார் ரஹேஜா 46 பந்துகளில் 77. இருபது ஓவரில் 5 விக்கெட்டுக்கு 220! ரஹேஜா அந்தப் பருவம் முழுவதும் அடித்த ஓட்டம் 488. பிறகு சாய் கிஷோரின் தலைமையில் பந்துவீச்சாளர்கள் திண்டுக்கல்லைப் பதினைந்து ஓவர்கூட நிற்க விடவில்லை. 102-ல் எல்லாம் முடிந்தது. 118 ஓட்ட வித்தியாசத்தில் திருப்பூருக்கு முதல் கோப்பை.

எங்கள் பன்னிரண்டு பேரின் ஆரவாரத்தை அத்தனை பேர் அமைதியாய்ப் பொறுத்துக்கொண்டதை நான் சொல்லத்தான் வேண்டும். பக்கத்திலிருந்த நத்தத்துப் பெரியவர், “உங்க ஊர்ல ஆடியிருந்தா இன்னும் பெரிசாக் கொண்டாடியிருப்பீங்க” என்று சிரித்தார். நத்தம் சட்டை தைக்கும் ஊர்; நாங்கள் பனியன் தைக்கும் ஊர். தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை எத்தகையது என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் தையற்கார இளைஞரைக் கேட்டேன்: “கோப்பை வந்துவிட்டதே, தம்பி, இனி என்ன குறை?”

“வீட்டுல ஒரு ஆட்டங்கூடப் பார்த்ததில்லைங்க, சார். புள்ளையத் தூக்கிட்டு ராத்திரிப் பிரயாணம் முடியுங்களா? நம்மூர்லயே நடந்தா, மெஷினை நிறுத்திட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவனுங்க.”

உலகத்தின் பல தேசத்தாருக்கும் உடுப்புத் தைத்து அனுப்பும் நகரம் இது. செல்வர்களும் சங்கங்களும் கூடினால் வருஷத்திற்கு இரண்டு பந்தயமாவது இங்கே நடத்துவது பெரிய காரியமன்று. காலரியில் மனைவியும் குழந்தையும் அருகே அமர, ஒரு தொழிலாளி தன் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கைதட்ட வேண்டும். கோப்பை வாங்கிய ஊர் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை அதுவே.